பெயரை மறைத்தால் பிணி மறையுமா?

நம் நாட்டில் மனிதனுக்குத் தலை உண்டு, கை உண்டு, கால் உண்டு என்று யாரும் தாராளமாய்ச் சொல்லலாம். ஆனால் இடுப்புக்குக் கீழே ஏதாவது உண்டு என்று ஒருவன் வாய்திறந்து சொல்லிவிட்டால், உடனே அவனுக்கு யோக்கியதை இல்லாதவன், அசிங்கம் பேசுகிறவன், நல்ல குடும்பத்தில் பிறக்காதவன் என்கின்ற பட்டங்களெல்லாம் கிடைத்துவிடும். தின்றவன் கழிக்கத்தான் வேண்டும். குடித்தவன் நீர் விடத்தான் வேண்டும். வயது வந்த பெண்ணுக்கு மாதவிடாய் வருவது இயற்கை. இந்த விஷயங்களில் ராஜாவுக்கும் கூலிக்காரனுக்கும், சாஸ்திரிக்கும் சாமானியனுக்கும் ஒரு நூலளவு வித்தியாசமும் கிடையாது. அப்படியிருந்தும், எல்லோரும் செய்கின்ற ஒரு காரியத்தின் பெயரைச் சொல்ல மாத்திரம் எல்லோருக்கும் வாய் கூசுகின்றது. ஏன் கூசுகின்றது? அந்தக் கூச்சத்தினால் லாபமடைகின்றவன் யார்? நஷ்டமடைகின்றவர் யார்? இவற்றைப் பற்றித்தான் இன்று சிறிது பேச விரும்புகின்றோம்.

ஊருக்கு ஒரு போர்வை

முதலில் காலையில் எழுந்ததும் எல்லா மனிதரும் செய்கின்ற காரியத்தையே எடுத்துக் கொள்வோம். தஞ்சைப் பக்கத்தான் அதைக் "கொல்லைக்குப் போவது" என்கிறான். வீட்டுக்குப் பின்புறம் அவனுக்குக் கொல்லை. அதே சொல்லை வட ஆர்க்காட்டில் போய்ச் சொன்னால், புன்செய்க் காட்டைப் பார்க்கப் போகிறான் என்று எண்ணிக் கொள்வார்கள். கொங்கு நாட்டான் "காட்டுக்குப் போவது" என்கிறான்; அவனுக்கு மேட்டு நிலம் எல்லாம் காடு. மதுரை, இராமநாதபுரத்தான் கம்மாய்ப் பக்கம் போய்வருவதாகச் சொல்லுகிறான். தெற்கே "வெளிக்குப் போவது" என்பது வழக்கம். யாழ்ப்பாணத்தில் "வெளிக்கு இருப்பது" என்பார்கள், ஆனால் அதே யாழ்ப்பாணத்தான் "வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்டால் புறப்பட்டாயிற்றா என்றுதான் அர்த்தம். இதைத் தெரியாத நம் ஊரான் அங்கே போனால் விழிக்க வேண்டியதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளோ விரலைக் காட்டி "ஒன்றுக்கு", "இரண்டுக்கு" என்று கணக்கையே இதற்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

இவற்றை நாம் குற்றம் சொல்லவில்லை. கொல்லையும் காடும் கம்மாயும் வெளியும் மனிதன் போன இடத்தின் பெயர்கள். வீட்டில் வசதி செய்து கொள்ளாத ஜனங்கள் எங்கே போனார்களோ அந்த இடத்தைச் சொன்னார்கள். ஊருக்கு ஊர் நிலம் வேறுபட்டது, சொல்லும் வேறுபட்டது. இது பாஷையின் செல்வமே தவிர வேறல்ல.

தலைமுறைக்கு ஒரு போர்வை

நிற்க, இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். ஊருக்கு ஊர் மாறுகின்ற சொல் தலைமுறைக்குத் தலைமுறையும் மாறுகின்றது. "பீ" என்பது நம்முடைய பழந்தமிழ்ச் சொல். அதைச் சொன்னால் மரியாதையில்லை என்று வடமொழியிலிருந்து "மலம்" வந்தது. வடமொழியாய்விட்டதால் அதற்கு நாற்றம் போய்விட்டதாம்! சைவப் பிரசங்கி மேடையில் ஏறி ஆணவ மலம், கன்ம மலம், மாயா மலம் என்று நூறு தரம் சொல்லலாம்; கேட்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக் கொள்வார்கள். குழந்தை ஒரு தரம் தமிழில் சொன்னால் வாயிலேயே அடி விழும். "மூத்திரம்" என்பதும் வடமொழியிலிருந்து மரியாதைச் சொல்லாக வந்ததுதான். இன்று அதுவும் கொச்சையாகிவிட்டது. "சிறுநீர்" என்றால்தான் மரியாதை. அதற்கும் ஆயுசு குறைந்து கொண்டு வருகின்றது. படித்தவன் வீட்டில் இப்பொழுது "யூரின்" தான்.

இடத்தின் பெயருக்கு நேர்ந்த கதியோ இதைவிட வேடிக்கை. "கக்கூஸ்" என்பது டச்சுக்காரன் பாஷையிலிருந்து வந்த சொல். சீமைச் சொல், ஆகவே கௌரவமான சொல் என்று நம்மவர்கள் அதைப் பிடித்துக் கொண்டார்கள். அந்தப் பாஷையில் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? பச்சையாகப் "பீ வீடு" என்பதே. தமிழில் சொல்ல வெட்கப்பட்டு டச்சில் அதையேதான் சொல்லிக் கொண்டிருந்தோம்! பிறகு கக்கூஸ் என்பதும் நாறத் தொடங்கியது. "லெட்ரீன்" வந்தது; அது போய் "பாத்ரூம்" வந்தது, குளிப்பதே இல்லாத இடத்துக்கு. பிறகு "டாய்லெட்" என்றார்கள். அது பிரெஞ்சு பாஷையில் ஒரு சிறு துணியைக் குறித்த சொல். இப்பொழுது "ரெஸ்ட்ரூம்" என்கிறார்கள், அங்கே போய் யாரோ இளைப்பாறுகிறதைப் போல.

இதிலிருந்து என்ன தெரிகின்றது? பாட்டன் வடமொழியால் மூடினான். பேரன் இங்கிலீஷால் மூடுகிறான். மூடிய துணி ஒவ்வொரு தலைமுறையிலும் அழுக்காகிக் கொண்டே இருக்கின்றது. ஏன்? அழுக்கு சொல்லில் இல்லை. சொல்லுகிறவன் மனதில் இருக்கின்றது. மனதைக் கழுவாமல் துணியை மாற்றிக் கொண்டிருந்தால் ஆயிரம் வருஷமானாலும் இதுதான் கதி.

அன்றியும், இந்தக் கூச்சக்காரர்களின் யோக்கியதையை இன்னொரு விதத்திலும் பாருங்கள். பெயர்கூட இவர்கள் வாயில் வரக்கூடாதாம். ஆனால் அந்தப் பொருளை மாத்திரம் இன்னொரு மனிதன் கையால் அள்ளலாமாம், தலையில் சுமக்கலாமாம்! அதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013-ல் இன்னொரு சட்டமும் செய்ய வேண்டியிருந்தது. இன்னும் சாக்கடைக் குழிக்குள் இறங்கி விஷவாயுவில் மனிதர்கள் செத்துக் கொண்டுதான் இருக்கின்றார்கள். வாய்க்குத் தீட்டானது ஏழையின் கைக்குத் தீட்டாகவில்லை என்றால், இந்தக் கூச்சத்துக்குப் பெயர் நாகரிகமா, அயோக்கியத்தனமா?

தூரம் செய்த கொலை

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெண்களின் மாதவிடாய்க்கு நம் ஜனங்கள் வைத்திருக்கின்ற பெயர்களை எண்ணிப் பாருங்கள். தூரம், வீட்டுக்குத் தூரம், வீட்டு விலக்கு, மாதவிலக்கு, தீட்டு, தலைக்குக் குளித்தல், அந்த மூன்று நாள். மதுரைச் சீமையில் சில கிராமங்களில் முட்டு. பட்டணத்துப் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்குள் சம்ஸ், டேட், பீரியட்ஸ்.

இந்தச் சொற்களைக் கொல்லை, காடு என்பவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொல்லை என்பது இடத்தைச் சொல்லிற்று. இங்கே தூரம் என்றால் யாருக்கு யார் தூரம்? விலக்கு என்றால் யாரை யார் விலக்கினது? உடம்பில் என்ன நடக்கின்றது என்பதை இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. உடம்புக்காரியை என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் சொல்லுகின்றது. தூரத்தில் வை, விலக்கி வை, தொடாதே, குளிக்கச் செய் என்பன பெயர்களா? இவை உத்தரவுகள். நோய்க்கு வைத்தியர் பெயர் வைப்பது போலன்றிக் குற்றவாளிக்கு நீதிபதி தீர்ப்புச் சொல்லுவது போல இருக்கின்றது.

அந்தக் குற்றம்தான் என்ன என்று சாஸ்திரத்தைக் கேட்டால் ஒரு கதை சொல்லுகின்றது. தேவர்களுக்கு ராஜாவாகிய இந்திரன் விசுவரூபன் என்கின்ற பிராமணனைக் கொன்றுவிட்டானாம். அந்தப் பாவத்தை அவன் அனுபவியாமல் பங்கு போட்டுக் கொடுத்தானாம். பூமிக்கு ஒரு பங்கு, மரங்களுக்கு ஒரு பங்கு, பெண்களுக்கு ஒரு பங்கு. பெண்கள் வாங்கிக் கொண்ட பங்குதான் மாதந்தோறும் வருகின்றதாம். இது தைத்திரீய சங்கிதையில் இருக்கின்றது, பாகவதத்திலும் இருக்கின்றது. கொலை செய்தவன் ஆண். அவன் இன்னும் சுவர்க்கத்தில் ராஜா. கொலையைக் கண்ணாலும் பார்க்காதவள் பெண். அவள் திண்ணைக்கு வெளியே! இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டாவது ஒப்புக் கொள்ளுமா?

இது முழுவதும் வடக்கேயிருந்து வந்தது, தமிழனுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளவும் முடியாது. முருகன் கோட்டத்தில் பாத்திரங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கின்ற பெண்களைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் உவமையாகவே சொல்லியிருக்கின்றார். நம் பாட்டனும் இதில் பங்காளிதான். பாட்டன் செய்ததாலேயே ஒரு காரியம் நியாயமாகிவிடாது.

உண்மை என்னவென்றால், கருப்பையானது மாதந்தோறும் கருவைத் தாங்குவதற்காக உள்ளே ஒரு மெல்லிய படலத்தைத் தயாரிக்கின்றது. கரு உண்டாகாத மாதத்தில் அது வேண்டியதில்லை. ஆகவே அது இரத்தத்தோடு கழிந்துவிடுகின்றது. இதில் பாவமும் இல்லை, தோஷமும் இல்லை. தீட்டு என்று சொல்லுகின்ற ஒவ்வொரு ஆணும் அந்தக் கருப்பையிலே பத்து மாதம் குடியிருந்து வந்தவனே.

ஆனால் ஒரு பெண் முதல் தடவை அந்த நிலைக்கு வந்துவிட்டால் என்ன ஆர்ப்பாட்டம்! மதுரை, நெல்லைப் பக்கம் "சமைந்தாள்", "ஆளானாள்" என்கிறார்கள். சில ஊர்களில் "குத்தவைத்தாள்" என்கிறார்கள். கொங்கு நாட்டில் "திரட்டி". யாழ்ப்பாணத்தில் "சாமத்தியப்பட்டாள்", "பெரிய பிள்ளையானாள்". சோறும் சமைகின்றது, பெண்ணும் சமைகின்றாள் என்றால், யார் உண்பதற்காக என்று கேட்கின்றோம். வாயால் பெயர் சொல்ல வெட்கப்படுகின்ற இதே ஜனங்கள், மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, ஒலிபெருக்கி வைத்து, அந்தச் சிறுமியின் படத்தை ஆளுயரத்துக்குத் தெருவில் கட்டி, மொய் வாங்குகிறார்கள். அடுத்த மாதமே அவள் கடையில் பஞ்சுப் பட்டை வாங்கினால் கடைக்காரன் அதைக் கறுப்புப் பையில் சுற்றித் தருகின்றான். ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்த சங்கதிக்குக் கறுப்புப் பை எதற்கு? மொய் வருகின்றபோது பெருமை, மற்ற நாளெல்லாம் தீட்டு என்பதுதானே இதன் அர்த்தம்?

இது வெறும் சொல்தானே, சொல்லினால் யாருக்கு என்ன கெட்டுவிட்டது என்று சிலர் கேட்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், தஞ்சை மாவட்டத்தில் அப்போதுதான் வயதுக்கு வந்திருந்த ஒரு சிறுமி, வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று தனிக் குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்தாள். புயலில் தென்னைமரம் விழுந்து மாண்டு போனாள். மரம் விழுந்தது இயற்கை. அவளை அந்த மரத்தடியில் கொண்டுபோய் வைத்தது எது? தூரம் என்கின்ற மூன்றரை மாத்திரைச் சொல் அல்லவா? 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இதே காரணத்துக்காக வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். பாடப்புத்தகத்தில் கருப்பையின் படம் இருக்கின்ற பள்ளிக்கூடத்திலேயே இந்தக் கதியென்றால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

வைத்தியரிடமும் மூடுமந்திரம்

இனி, இந்தப் போர்வைச் சொற்கள் வைத்தியசாலைக்குப் போனால் என்ன ஆகின்றது என்று பார்ப்போம். பிரசவ நாளைக் கணக்கிடுவதற்கு வைத்தியர் கேட்பது கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளை. அதிலிருந்து 280 நாள் என்பது கணக்கு. "கடைசியாய் எப்போது தலைக்குக் குளித்தாய்?" என்று நர்சு கேட்டால், ஒரு ஊர்ப் பெண் மூன்றாம் நாளைச் சொல்லுவாள், இன்னொரு ஊர்ப் பெண் ஐந்தாம் நாளைச் சொல்லுவாள். அந்த வழக்கை அறியாதவள் எண்ணெய் தேய்த்துக் குளித்த வெள்ளிக்கிழமையைச் சொல்லுவாள். "முழுகாமல் இருக்கிறேன்" என்று கிராமத்துப் பெண் சொன்னால், பட்டணத்தில் படித்துவந்த இளம் வைத்தியருக்கு அவள் கர்ப்பமாயிருப்பதைச் சொல்லுகிறாள் என்று புரிய வேண்டுமே!

இதைவிட மோசமானது, சொல்லே கிடைக்காமல் வாயை மூடிக் கொண்டிருப்பது. இந்தியப் பெண்களை இன்று அதிகமாய்ப் பிடிக்கின்ற புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். அடுத்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். இரண்டும் ஆரம்பத்தில் தெரிந்தால் குணப்படுத்தக் கூடியவை. முலை என்பது நம் பழைய இலக்கியங்களில் கூசாமல் வழங்கிய சொல். இன்று அது கெட்ட வார்த்தை. மார் என்றாள், நெஞ்சு என்றாள். நெஞ்சு வலி என்றால் வைத்தியர் இருதயத்தைப் பார்ப்பாரே தவிர கட்டியைப் பார்ப்பாரா? மாதவிடாய் நின்றுபோய்ப் பல வருஷமான பாட்டிக்கு மறுபடியும் இரத்தம் பட்டால் அது உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டிய அடையாளம். ஆனால் அதை மகனிடம் எந்தச் சொல்லால் சொல்லுவாள்? "உடம்பு சரியில்லை" என்பாள். மகன் கஷாயம் வாங்கிக் கொடுப்பான். அவள் வெட்கத்தைக் காப்பாற்றிக் கொண்டு உயிரை விடுவாள்.

ஆண்பிள்ளைகளின் வீரமும் இவ்வளவுதான். விரை வீங்கினால் சொல்லமாட்டான். மூலம் என்றால் மூச்சுவிட மாட்டான். நீர்க்கடுப்பு என்றால் சூடு என்பான். இவர்களுக்காகவே ஊர் ஊராய் லாட்ஜில் அறை எடுத்துத் தங்குகின்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள். தாது நஷ்டம், நரம்புத் தளர்ச்சி என்று பாதி மூடிய சொற்களாலேயே வாலிபர்களைப் பயமுறுத்திப் பணம் பறிக்கின்றார்கள். விந்து போனால் பலம் போய்விடும் என்பது சுத்தப் பொய். அந்தப் பயமே ஒரு மனநோயாய் இந்தியாவில் பரவியிருப்பதை 1960-லேயே என்.என். விக் என்கின்ற மனநோய் வைத்தியர் எடுத்துக் காட்டி அதற்குப் பெயரும் வைத்தார். வெளிச்சத்தில் பேசுகின்ற விஷயத்தில் போலி வைத்தியன் பிழைக்க முடியாது. இருட்டுத்தான் அவனுக்கு மூலதனம். அதை இனாமாய்க் கொடுக்கின்றவர்கள் நாம்.

குழந்தைகள் விஷயத்தை நினைத்தால் இன்னும் மனம் பதைக்கின்றது. ஆண் குழந்தையின் குறிக்குக் குஞ்சு என்றும் மணி என்றும் செல்லப் பெயர். பெண் குழந்தைக்கோ பெயரே இல்லை; "அசிங்கம், மூடிக்கொள்", "ஷேம் ஷேம்" என்பதுதான் பெயர். பிறந்த உடனேயே ஒருவனுக்குப் பெருமையும் ஒருத்திக்கு அவமானமும் சொல்லாலேயே ஊட்டப்படுகின்றன. நாளைக்கு ஒரு அயோக்கியன் அந்தக் குழந்தையின் மேல் கை வைத்தால், அது தாயிடம் வந்து என்ன சொல்லும்? அந்த இடத்துக்குச் சொல் இல்லை. சொன்னால் அடி விழும் என்பது மாத்திரம் தெரியும். குழந்தைகளைக் காக்க 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. ஆனால் குழந்தை வாய்திறந்து சொன்னால்தானே சட்டம் நடக்கும்? சொல்லைப் பிடுங்கிக் கொண்டு சட்டத்தைக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

பண்டிதர்களின் ஆட்சேபனை

இதைக் கேட்டால் பண்டிதர்களுக்குக் கோபம் வரும். "இடக்கரடக்கல் என்பது தமிழ் மரபல்லவா? சபையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியம் விதிக்கவில்லையா? நன்னூல் அதைத் தகுதி வழக்கில் சேர்க்கவில்லையா?" என்பார்கள். வாஸ்தவம். ஆனால் அதே தொல்காப்பியம், ஜனங்களிடம் பழகி வழக்கமாகிவிட்ட சொல்லை மறைக்க வேண்டியதில்லை என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கின்றது. உரைகாரர்கள் ஆப்பி, ஆட்டுப்பிழுக்கை, ஆனையிலண்டம் என்று உதாரணமும் காட்டியிருக்கிறார்கள். பண்டிதர்கள் முதல் விதியை மாத்திரம் நெட்டுருப் போட்டுவிட்டு இரண்டாவதை விழுங்கிவிடுவது ஏன்? மேலும், சபை என்பது வேறு; வைத்தியசாலையும் பள்ளிக்கூடமும் தாயின் மடியும் வேறு. விருந்து இலையின் முன் உட்கார்ந்து மலத்தைப் பற்றிப் பேசச் சொல்லி நாம் யாரையும் கேட்கவில்லை.

"அப்படியானால் எல்லோரும் ஆபாசம் பேசலாமா?" என்று இன்னும் சிலர் கேட்பார்கள். தெருச் சண்டையைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள் என்பதுதான் நம் பதில். வைத்தியரிடம் சொல்ல வாய் வராத அதே சொற்கள், எதிரியின் தாயையும் தங்கையையும் இழுத்துப் பேசுகின்றபோது மாத்திரம் எப்படி ஆறாய் ஓடுகின்றன! நோயைச் சொல்லும்போது வராத சொல் வசவுக்கு வருகின்றதென்றால், நாம் வெட்கப்படுவது சொல்லுக்கல்ல, பெண்ணின் உடம்புக்கு. அந்த உடம்பை இழிவு என்று வைத்திருக்கின்ற வரையில்தான் அதன் பெயர் வசவாய்ப் பயன்படும். இழிவைப் போக்கிவிட்டால் வசவுக்கும் கூர் மழுங்கிவிடும்.

செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே! ஊர்ச் சொற்களை அழித்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கொல்லையும் காடும் வெளியும் இருக்கட்டும். பாட்டியிடம் பேசப் போகின்ற வைத்தியரும் நர்சும் அந்தந்த ஊர்ச் சொல்லைத் தெரிந்துகொண்டே போகட்டும். "முழுகாமல் இருக்கிறாள்" என்பது புரியாத வைத்தியர்தான் கற்றுக் கொள்ள வேண்டுமே தவிர அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சொல் ஊருக்கு ஊர் மாறுவது குற்றமல்ல. எந்த ஊரிலும், எந்தத் தலைமுறையிலும் மாறாமல் இருக்கின்ற இழிவுதான் குற்றம்.

ஒழிக்க வேண்டியவை தீட்டு, தூரம், விலக்கு, முட்டு என்பன. உடம்பைச் சொல்லாமல் உடம்புக்காரியைத் தண்டிக்கின்ற சொற்கள் இவை. மாதவிடாய் என்று சொல்லுங்கள். அல்லது உங்கள் ஊர் வழக்கில் இழிவில்லாத சொல் இருந்தால் அதைச் சொல்லுங்கள். பீரியட்ஸ் என்றாலும் ஆட்சேபனையில்லை. ஆனால் இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் பூஜை அறைக்குப் போகாமல் ஒதுங்கி நிற்பீர்களானால், அதுவும் பழைய தூரத்துக்குப் புதுச்சட்டை மாட்டினதுதான். ஐந்து வயதுக் குழந்தைக்குக் கண், மூக்கு சொல்லிக் கொடுக்கும்போதே ஆண்குறி, பெண்குறி என்பதையும் அதே குரலில் சொல்லிக் கொடுங்கள். குரல் தாழ்ந்தால் குழந்தை பயத்தைத்தான் கற்கும். கணவன்மார்களும் மகன்மார்களும் வீட்டுப் பெண்களிடம் "உடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லுகின்ற பதிலைக் கூசாமல் கேட்கப் பழகுங்கள்.

இதற்குப் பணம் வேண்டியதில்லை, சட்டம் வேண்டியதில்லை, புரோகிதனிடம் நாள் கேட்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் இன்று ஒரு பெண் ஒதுங்கி உட்கார்ந்திருப்பாளேயானால், அவளை உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துச் சேர்ந்து சாப்பிடுங்கள். ஒன்றும் இடிந்து விழாது. அதைக் கண்ணால் கண்ட பிறகு, தூரம் என்கின்ற சொல் உங்கள் வீட்டில் தானாகவே செத்துவிடும்.